மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு: 120 அட்டையில் ஒரு சங்கிலி ஆட்டம் செய்த கதை

தம்போரா எரிமலையில் தொடங்கி புளூடூத்தில் முடிக்க வேண்டும். நடுவில் எத்தனை அட்டை வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு அட்டையும் முந்தைய அட்டையோடு ஏன் சேர்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும், சொன்னதை எதிரில் இருப்பவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்டம் இவ்வளவுதான். ஒரே மாலையில் செய்துவிடலாம் என்றுதான் நானும் உட்கார்ந்தேன். நான்கு மாதம் ஆனது. மூன்று தடவை முதலிலிருந்து செய்தேன், முதல் இரண்டும் பழைய பேப்பரோடு போய்விட்டன. இதுபோல ஒன்றைச் செய்ய நினைப்பவர்கள் நான் விழுந்த குழியிலேயே விழாமல் வேறு புதுக் குழியாகப் பார்த்து விழட்டும் என்று இதை எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீட்டில் வினாடி வினா என்றால் அண்ணன்தான் ஜெயிப்பார். தலைநகரம், நோபல் பரிசு, எந்த ஆண்டு யார் என்ன செய்தார் எல்லாம் அவருக்கு மனப்பாடம். பத்தாவது கேள்விக்குள் அண்ணி கைபேசியை எடுத்துவிடுவார், அண்ணன் மகள் எழுந்தே போய்விடுவாள். தெரிந்ததைச் சொல்வதற்குப் பதிலாக, தெரிந்த இரண்டைச் சேர்த்துக் காட்டுவதை ஆட்டமாக்கினால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு போடாதே என்று திட்டுவார்களே, அந்த முடிச்சையே போடச் சொல்வது.

முதல் பதிப்பில் அட்டையே கிடையாது. மனசில் இருந்தது அந்தாதி. ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்குவதுபோல ஒரு கேள்வியின் விடை அடுத்த கேள்விக்குள் வந்து உட்கார வேண்டும். மலேரியாவுக்குக் கொடுக்கும் குயினைனைச் செயற்கையாகச் செய்யப் போய் 1856இல் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்த 18 வயதுப் பையன் யார்? வில்லியம் பெர்கின். பெர்கின் தொடங்கிவைத்த செயற்கைச் சாயத் தொழில் 1897இல் எந்தச் செடியின் சாயத்துக்கு மாற்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது? அவுரி. அவுரி பயிரிட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்ட விவசாயிகளுக்காக 1917இல் காந்தி எங்கே போனார்? சம்பாரண். காய்ச்சல் மருந்தில் கிளம்பி விடுதலைப் போராட்டத்தில் போய் நிற்கிறது பாருங்கள், எழுதி முடித்ததும் எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது.

ஆடிப் பார்த்தபோது பதினைந்து நிமிடத்தில் படுத்துவிட்டது. இரண்டாவது கேள்விக்கு யாருக்கும் விடை தெரியவில்லை, விடை தெரியாமல் மூன்றாவது கேள்வியைக் கேட்கவே முடியாது, ஆகவே நானே சொன்னேன், அப்புறம் மூன்றாவதையும் நானே சொன்னேன், கடைசியில் அது வினாடி வினாவாக இல்லை, என் சொற்பொழிவாக இருந்தது. ‘‘இதில் நாங்கள் எதற்கு?’’ என்று அண்ணி கேட்டது நியாயம்தான். முடிச்சு போடுகிற சுகம் முழுக்க எழுதினவனுக்கே போய்விடுகிறது, ஆடுகிறவர்களுக்கு ஏற்கெனவே போட்ட முடிச்சைப் பார்க்கிற வேலை மட்டும்தான் மிச்சம். அந்தப் பதிப்பிலிருந்து நான் காப்பாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று: சங்கிலியை முன்பக்கத்திலிருந்து மட்டும் எழுதினால் அது எங்கேயோ போய்விடும், இரண்டு முனையையும் முதலில் வைத்துக்கொண்டு சுரங்கம் வெட்டுவதுபோல இரு பக்கமும் வெட்டிக்கொண்டு வந்தால் நடுவில் சந்திக்கும். இது பின்னால் ஆட்டத்தின் விதியாகவே ஆகிவிட்டது.

இரண்டாம் பதிப்பு அட்டை. ஒரு அட்டைக்கு ஒரு பெயர்: நெப்போலியன், செம்பு, நிலா, பியானோ, கடிகாரம் என்று 120. ஆளுக்கு ஏழு அட்டை, மேசையில் ஒன்று, கையில் இருப்பதைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும், முதலில் கை காலியாகிறவர் வெற்றி. இதில் என்னைக் கவிழ்த்தவர் நெப்போலியன். அந்த ஒரு அட்டை கையில் வந்தால் போதும், எதனோடும் சேரும். கெட்டுப்போகாமல் உணவை அடைத்து வைக்கும் முறைக்காக 1810இல் நிக்கோலா அப்பேருக்குப் பிரெஞ்சு அரசு 12,000 ஃபிராங்க் பரிசு கொடுத்தது, நெப்போலியன் காலம். எகிப்தின் பழைய சித்திர எழுத்தைப் படிக்க வழிகாட்டிய ரொசெட்டா கல் 1799இல் கிடைத்தது அவருடைய எகிப்துப் படையெடுப்பில். வோல்ட்டா தன் மின்கலத்தைக் காட்டியது அவர் முன்னிலையில். துணியில் பூவேலை தானாக நெய்யத் தறிக்கு ஓட்டை அட்டை போட்ட ஜக்காருக்கு ஓய்வூதியம் கொடுத்ததும் அவர் அரசுதான். அண்ணனுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. நான்கு ஆட்டத்தில் நான்கிலும் நெப்போலியன் வழியாகவே ஓடினார்.

இது எனக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை என்று பின்னால் புரிந்தது. உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1960களில் ஒரு சோதனை செய்தார்: அமெரிக்காவில் ஒருவரையொருவர் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் தெரிந்தவர் வழியாகவே ஒரு கடித உறையைக் கைமாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்க எத்தனை பேர் தேவை? ‘ஆறே கைகளில் உலகம்’ என்று எல்லோரும் சொல்கிற கதை இதைச் சுற்றி வளர்ந்ததுதான். 1969இல் வெளிவந்த கட்டுரையில் இருக்கும் கணக்கு இன்னும் ருசியானது. 296 பேரிடம் தொடங்கி 64 உறைகள்தான் இலக்கைச் சேர்ந்தன, அந்த 64இல் 16, அதாவது கால்வாசி, ஒரே ஒரு துணி வியாபாரியின் கை வழியாக வந்தவை. அந்த வியாபாரிதான் என் நெப்போலியன். எந்த வலையிலும் சில முடிச்சுகளில் மட்டும் நூல் குவிந்துவிடும், பாதையெல்லாம் அங்கே போய் விழும். அஞ்சலுக்கு அது வசதி. ஆட்டத்துக்கு அது சாவு.

நெப்போலியனைத் தூக்கிவிட்டேன். உடனே இரண்டாம் உலகப் போர் அந்த இடத்துக்கு வந்தது. அதையும் தூக்கினேன், ‘தண்ணீர்’ வந்தது. ஒரு அட்டை எத்தனை அட்டையோடு சேர்கிறது என்று எண்ணிப் பார்த்துக் களையெடுக்கலாம் என்று கணினியில் 120க்கு 120 கட்டம் போட்டு உட்கார்ந்தேன். 120 அட்டையில் இரண்டிரண்டாக எடுத்தால் 7,140 ஜோடி. மூன்று மாலை செலவழித்து நானூற்றுச் சொச்சம் தாண்டினேன், அதோடு சரி. அந்தக் கட்டங்களை நிரப்பும்போதே ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது: நான் ‘சேரும்’ என்று டிக் போட்ட பலவற்றுக்கு ஏன் சேரும் என்று எழுதச் சொன்னால் எனக்கே வாக்கியம் வரவில்லை. நிலாவும் கடிகாரமும் சேரும், ஏனென்றால்... இரண்டும் வட்டம். இப்படி.

கோளாறு அட்டையில் இல்லை, முடிச்சில்தான் இருந்தது.

மூன்றாம் பதிப்பைக் காப்பாற்றியது மூன்று சொற்கள்: அதனால், அதே, அதுவும். முடிச்சு வாக்கியம் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை வைத்துத்தான் அமைய வேண்டும். ‘அதனால்’ என்று சொல்ல முடிந்தால் மூன்று புள்ளி, ஒன்று இன்னொன்றுக்குக் காரணம். ‘அதே’ என்றால் இரண்டு, அதே ஆள், அதே பொருள், அதே உத்தி இரண்டிலும் இருக்கிறது. ‘அதுவும்’ என்றால் ஒன்றே ஒன்று: இது ஊதா, அதுவும் ஊதா, இவர் பிறந்தது மார்ச்சில், அவரும் மார்ச்சில். ஒரு சங்கிலியில் ‘அதுவும்’ இரண்டு தடவைக்கு மேல் வரக்கூடாது. எழுதிப் பார்த்தால் சின்ன விதி, ஆனால் போட்ட அன்றைக்கே வீட்டில் சத்தம் மாறிவிட்டது. முன்பெல்லாம் ‘‘இது சேரும்’’, ‘‘சேராது’’ என்று கத்திக்கொண்டிருந்தவர்கள் இப்போது ‘‘இது அதனால் இல்லை, வெறும் அதே’’ என்று வாதாடினார்கள். பன்னிரண்டு வயதுப் பெண் காரணத்தையும் ஒற்றுமையையும் பிரித்து வழக்காடுவதைப் பார்த்தால் நமக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

நான் முதல் வரியில் சொன்ன சங்கிலியையே இந்த அளவுகோலில் வைத்துக் காட்டுகிறேன். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா வெடித்தது, கந்தகம் வானத்தின் மேலடுக்குவரை போனது, அதனால் 1816இல் ஐரோப்பாவில் கோடையே இல்லை, குளிரும் மழையும். அதனால் ஜெனீவா ஏரிக்கரை வீடு ஒன்றில் அடைந்துகிடந்தவர்கள் பேய்க்கதை எழுதிப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ அங்கேதான் கருவானது, அந்த வீட்டை எடுத்திருந்தவர் பைரன் பிரபு. அதே பைரனின் மகள் ஏடா லவ்லேஸ். அதே ஏடா 1843இல் சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட கணக்குப் போடும் பகுப்பு எந்திரத்துக்கு விளக்கக் குறிப்புகள் எழுதினார். அந்த எந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க பாபேஜ் நினைத்தது ஓட்டை போட்ட அட்டைகளால், அதை அவர் எடுத்தது ஜக்காரின் தறியிலிருந்து, ஆகவே இங்கே ‘அதனால்’ பின்னோக்கி ஓடுகிறது. (பின்னோக்கி ஓடலாமா என்று ஒரு வாரம் சண்டை. ஓடலாம், ஆனால் அம்பு எந்தப் பக்கம் என்று சொல்லிவிட வேண்டும் என்று முடிவானது.) அதே ஓட்டை உத்தி தானாக வாசிக்கும் பியானோவின் காகிதச் சுருளிலும் இருக்கிறது. நடிகை ஹெடி லாமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் 1942இல் காப்புரிமை வாங்கிய கருவியில் அதே போன்ற சுருள்தான், நீர்மூழ்கிக் குண்டை வழிநடத்தும் வானொலிச் சமிக்ஞையை எதிரி மடக்காதபடி அலைவரிசை விட்டு அலைவரிசை தாவ வைக்க. பியானோவில் 88 கட்டை இருப்பதுபோல 88 அலைவரிசை. அதே தாவல் உத்தி புளூடூத்திலும் இருக்கிறது, அதன் பழைய வடிவத்தில் 79 அலைவரிசைகளுக்கு நடுவில் நொடிக்கு 1,600 தாவல்.

கடைசி முடிச்சில் கவனமாக இருக்க வேண்டும். ‘ஹெடி லாமார் கண்டுபிடித்தார், அதனால் புளூடூத் வந்தது’ என்று அண்ணன் சொன்னார், மூன்று புள்ளி கேட்டார். உத்தி ஒன்றுதான், ஆனால் அவர் காப்புரிமையைப் பார்த்துத்தான் புளூடூத் செய்தார்கள் என்று சொல்ல முடியாது, ஆகவே ‘அதே’, இரண்டு புள்ளி. பொது அறிவு என்று சுற்றுகிற சங்கதிகளில் பாதிக்கு இதுதான் கதை. ‘அதே’ என்று நிற்க வேண்டிய இடத்தில் ‘அதனால்’ போட்டுவிடுவார்கள், கேட்க நன்றாக இருக்கும்.

சரி, அட்டைகள். பெயர் மட்டும் இருந்த அட்டைகளைக் குப்பையில் போட்டுவிட்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு வரி எழுதினேன். எழுதும்போது கண்ட உண்மை: சுவையான தகவல் எல்லாம் நல்ல அட்டை ஆகாது. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், ரத்தம் நீல நிறம். கேட்டவுடன் ஆச்சரியம், ஆனால் மேசையில் வைத்தால் தீவு மாதிரி தனியாகக் கிடக்கும், அதோடு எதையும் கட்ட முடியாது. ஒரு மாதம் அது யார் கைக்குப் போனாலும் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு ஒரு நாள், ஏன் நீலம் என்று ஒரு வரி சேர்த்தேன்: நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதில் இரும்பு இருக்கிறது, ஆக்டோபஸ் ரத்தத்தில் அந்த இடத்தில் செம்பு. அவ்வளவுதான், அடுத்த ஆட்டத்தில் அண்ணி அலட்சியமாகச் சுதந்திர தேவி சிலையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ‘‘அதே செம்பு. 2.4 மில்லிமீட்டர் செப்புத் தகட்டுத் தோல், அது நாள்பட்டதால்தான் பச்சை. என்ன தம்பி, இரண்டு புள்ளி எழுதுங்கள்.’’ சிலைக்கு உள்ளே இருக்கும் இரும்புச் சட்டகத்தை வடிவமைத்தவர் குஸ்தாவ் ஐஃபல், அதே ஐஃபலின் நிறுவனம் கட்டியது 1889 கோபுரம். ஆக்டோபஸிலிருந்து பாரிஸுக்கு இரண்டே முடிச்சு.

அதன் பிறகு எல்லா அட்டையையும் திரும்ப எடுத்து ‘ஏன்’ என்ற வரி இருக்கிறதா என்று பார்த்தேன். ‘என்ன’ மட்டும் இருந்தால் ஒரு கொக்கி, ‘ஏன்’ சேர்ந்தால் மூன்று கொக்கி. அயோடின் அட்டையில் முதலில் இருந்தது ‘1811இல் பெர்னார் கூர்துவா கண்டுபிடித்தார்’ என்ற ஒரே வரி, அதைக் கட்ட வேண்டுமானால் இன்னொரு 1811தான் தேட வேண்டும். இப்போது இருப்பது: போருக்கு வெடியுப்பு தேவைப்பட்டது, அதற்காகக் கடற்பாசிச் சாம்பலைக் கையாண்டுகொண்டிருந்த கூர்துவா அமிலத்தைக் கூடுதலாக ஊற்றிவிட, ஊதா நிற ஆவி எழும்பியது. வெடிமருந்து, கடற்பாசி, ஊதா, ஆவி. நான்கு கொக்கி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில்.

இந்தக் கொக்கிச் சொற்களை அட்டையின் ஓரத்தில் தனியாக அச்சிட்டு வண்ணமும் கொடுத்தது என் புத்திசாலித்தனம் முற்றிப்போன வாரம். செம்பு என்றால் ஆரஞ்சு, போர் என்றால் சிவப்பு. எல்லோரும் வரியைப் படிப்பதை விட்டுவிட்டு வண்ணத்தோடு வண்ணத்தை ஒட்டிக்கொண்டே போனார்கள், டோமினோ ஆடுவதுபோல. ஆட்டம் வேகமாக முடிந்தது, ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. ஓரத்தை வெட்டி எறிந்தேன்.

இன்னொரு களை: ‘தற்செயல் கண்டுபிடிப்பு’. கூர்துவாவும் தற்செயல், பெர்கினும் தற்செயல், பெனிசிலினும் எக்ஸ் கதிரும் தற்செயல். முதல் தடவை கேட்கும்போது அழகான முடிச்சு, பத்தாவது தடவை அது இன்னொரு நெப்போலியன். ஆளாக இல்லாமல் கருத்தாக இருக்கிற நெப்போலியன் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொண்டிருப்பார். ‘முதன்முதலாக’, ‘உலகிலேயே பெரிய’ இரண்டும் அந்தச் சாதிதான். இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன், இந்தச் சொற்களை வைத்து முடிச்சு போட்டால் செல்லாது.

அதிக நேரம் தின்றது தகவல் சரிபார்ப்பு. சங்கிலியில் இது சும்மா விடக்கூடிய விஷயம் இல்லை. ஒவ்வொரு முடிச்சும் நூற்றுக்குத் தொண்ணூறு சரி என்று வைத்துக்கொண்டாலும் பத்து முடிச்சு சேர்ந்தால் முழுச் சங்கிலியும் சரியாக இருக்க வாய்ப்பு 35 சதவீதம்தான், 0.9ஐப் பத்துத் தடவை பெருக்கிப் பார்க்கலாம். முதல் சலிப்பிலேயே மாட்டியது ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டிசும். இருவரும் இறந்தது 1616 ஏப்ரல் 23 என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கும். தேதி ஒன்று, நாள் வேறு. ஸ்பெயின் அப்போதே கிரிகோரியன் காலண்டருக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து மாறியது 1752இல்தான், ஆகவே ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23 ஸ்பெயின் கணக்கில் மே 3. போதாததற்கு செர்வான்டிஸ் இறந்தது 22ஆம் தேதி என்றும் 23இல் நடந்தது அடக்கம் என்றும் சொல்கிறார்கள். அட்டையைக் கிழிக்கப் போனேன், அப்புறம் யோசித்து ‘ஒரே தேதியில் பத்து நாள் வித்தியாசம்’ என்று தலைப்பை மாற்றிக் காலண்டர் அட்டையாக்கினேன். இப்போது அது முன்பைவிட நன்றாக ஆடுகிறது. கலிலியோ இறந்த அதே 1642இல் நியூட்டன் பிறந்தார் என்பதும் இதே கோளாறுதான், நியூட்டன் பிறந்த கிறிஸ்துமஸ் நாள் கலிலியோவின் காலண்டரில் 1643 ஜனவரி 4. இரண்டும் ஒன்றோடொன்று ‘அதே’ போட்டு ஒட்டிக்கொள்ளும், அதே காலண்டர்த் தவறு.

ரோமானியக் குதிரை அட்டையைக் கைவிட மனசே வரவில்லை. கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும்: ரோமானியத் தேரில் இரண்டு குதிரை, அந்தக் குதிரைகளின் பின்புற அகலம் வண்டிச் சக்கரத்தின் இடைவெளியானது, அது தண்டவாள இடைவெளியானது, அந்த ரயிலில் போக வேண்டியிருந்ததால் விண்வெளி ஓடத்தின் பூஸ்டர் ராக்கெட்டுக்கும் அதுவே அளவானது. சங்கிலி ஆட்டத்துக்கென்றே யாரோ செய்துவைத்தது போல இருக்கும். முடிச்சு முடிச்சாகத் தட்டிப் பார்த்தேன். பூஸ்டர் துண்டுகள் யூட்டாவிலிருந்து ஃபுளோரிடாவுக்கு ரயிலில் போனது உண்மை. தண்டவாள இடைவெளி 1,435 மில்லிமீட்டர், ஜார்ஜ் ஸ்டீவன்சன் நிலக்கரிச் சுரங்கப் பாதைகளிலிருந்து எடுத்துக்கொண்ட அளவை ஒட்டியது, இதுவும் உண்மை. ஆனால் பூஸ்டரின் விட்டம் 3.7 மீட்டர், தண்டவாளத்தைப் போல இரண்டரை மடங்கு! ரயிலில் போகும் சரக்கு எவ்வளவு அகலமாக இருக்கலாம் என்பதைச் சுரங்கப்பாதையும் பாலமும் தீர்மானிக்கும், தண்டவாள இடைவெளி நேரடியாகத் தீர்மானிக்காது. ரோமானியரிடமிருந்து நேராக வந்த அளவு என்றால் தொடக்கத்தில் எல்லோரும் அதையே போட்டிருக்க வேண்டும், ஆனால் இங்கிலாந்திலேயே கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே ஏழு அடி இடைவெளியில் ஓடியது. ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது, மொத்தமாக இழுத்தால் அவிழ்ந்துவிடுகிறது. அந்த அட்டையை ஆட்டத்தில் வைக்கவில்லை, ஆனால் புதிதாக ஆட வருகிறவர்களிடம் முதலில் அதைக் கொடுத்து எந்த முடிச்சு தளர்ந்திருக்கிறது என்று கேட்கிறேன். நல்ல பயிற்சி.

தம்போராவால் குதிரைகள் செத்தன, அதனால் 1817இல் கார்ல் டிரைஸ் சைக்கிளின் முன்னோடியைச் செய்தார் என்பதும் இப்போதைக்கு வெளியேதான். ஓர் ஊகமாகச் சொல்லப்படுவது, நேர்ச் சான்று இல்லை.

அச்சடித்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு ஏ4 தாளில் எட்டு அட்டை, 74க்கு 105 மில்லிமீட்டர், 15 தாளில் 120. முதலில் சாதாரண 80 கிராம் தாளில் அடித்தேன், விளக்குக்கு எதிரே பிடித்தால் பின்பக்க எழுத்து தெரிந்தது. 250 கிராம் தாளை வாங்கி வந்தால் வீட்டுப் பிரிண்டர் பாதியில் விழுங்கிவிட்டு முனகியது, கடைசியில் ஒத்துக்கொண்டது 200 கிராம். முன்பக்கம் தலைப்பு, பின்பக்கம் தகவல். இருபக்கமும் அடித்து ஆசையாக வெட்டி முடித்த பிறகு பார்த்தால் ஆக்டோபஸ் 1811இல் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. தாளைத் திருப்பும்போது இடது வரிசை வலது பக்கம் போய்விடும் என்பது அப்போதுதான் உறைத்தது. பின்பக்கப் பக்கங்களில் இரண்டு வரிசையையும் இடம் மாற்றிப் போட்டுத்தான் அடிக்க வேண்டும், அதுவும் முதலில் ஒரே ஒரு தாள் அடித்துப் பார்த்துவிட்டு. பதினைந்து தாளும் வீண். எழுத்தளவு 9 வைத்திருந்தேன், தமிழில் சுழியும் கொம்பும் ஒன்றோடொன்று மோதி அண்ணனுக்குக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை, 11 ஆக்கினேன், அதனால் ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வரி வெட்டு விழுந்தது, அதுவும் நல்லதற்குத்தான்.

விதியில் கடைசியாகச் சேர்ந்தது ‘அவிழ்’. யார் போட்ட முடிச்சிலாவது சந்தேகம் வந்தால் ‘அவிழ்’ என்று சொல்லி ஏன் செல்லாது என்று விளக்கலாம். சரியாக அவிழ்த்தால் முடிச்சின் புள்ளி அவிழ்த்தவருக்கு, தவறாக அவிழ்த்தால் ஒரு அட்டை கூடுதலாக எடுக்க வேண்டும். முதலில் தண்டனை இல்லாமல்தான் வைத்திருந்தேன், அண்ணன் எல்லாவற்றையும் அவிழ்த்துக்கொண்டே இருந்தார். யோசிக்க ஒன்றரை நிமிட மணல் கடிகாரம். அவிழ்த்தது சரியா என்ற வாக்கெடுப்பில் சமமாக நின்றால் முடிச்சு போட்டவருக்கே சாதகம், இல்லையென்றால் ஆட்டம் நீதிமன்றமாகிவிடுகிறது.

நான் எழுதாத முடிச்சு ஒன்று வந்து விழுந்த நாளைச் சொல்லியே ஆக வேண்டும். மேசையில் பிரெஞ்சுக்காரர் டாகேரின் ஒளிப்படம்: 1839, வெள்ளி பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டி எடுப்பது. அண்ணன் மகள் கையில் இருந்தது வெள்ளிக் கடப்பு அட்டை, அதாவது சூரியனுக்கு முன்னால் வெள்ளிக் கோள் ஒரு கரும்புள்ளியாக ஊர்ந்து போவது. அதைப் பார்க்க 1760இல் கப்பலேறிய பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டி 1761 கடப்பின்போது நடுக்கடலில் மாட்டிக்கொண்டு, எட்டு வருடம் காத்திருந்து 1769இல் மேகம் மறைத்து மறுபடியும் கோட்டை விட்ட கதை. அட்டையை வைத்துவிட்டுச் சொன்னாள்: ‘‘இது வெள்ளி, அதுவும் வெள்ளி.’’

‘‘பேர்தானே ஒன்று, ஒரு புள்ளி’’ என்றேன்.

‘‘இல்லை சித்தப்பா, வெள்ளியை வைத்து வெள்ளியைப் படம் எடுத்திருக்க மாட்டார்களா? எடுத்திருந்தால் ‘அதே’ ஆகிவிடும் இல்லையா?’’

அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒரு புள்ளிதான் எழுதினேன். இரவு தேடிப் பார்த்தால், எடுத்திருக்கிறார்கள். 1874இல் வெள்ளிக் கடப்பைப் படம் பிடிக்க ஜப்பானுக்குப் போன பிரெஞ்சு வானியலாளர் ஜூல் ஜான்சென், ரிவால்வரில் தோட்டா அறை சுழல்வதுபோலத் தகடு சுழலும் ஒரு கருவி செய்துகொண்டு போனார், 72 நொடியில் 48 படம், சினிமாவுக்கு முன்னோடிகளில் ஒன்று என்று அதைச் சொல்வார்கள். அதில் போட்டது டாகேர் முறைத் தகடு. வெள்ளியால் வெள்ளி! அதைவிட, அதே ஜான்சென் என் பெட்டியில் வேறு அட்டையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தைக் குண்டூரில் பார்த்தவர், ஹீலியத்தின் கதை அந்தக் கிரகணத்தையும் அதே ஆண்டு ஆங்கிலேய வானியலாளர் லாக்கியர் சூரிய ஒளியில் பார்த்த மஞ்சள் கோட்டையும் ஒட்டித்தான் தொடங்குகிறது. 1870இல் பிரஷ்யப் படை பாரிஸைச் சூழ்ந்திருந்தபோது இன்னொரு கிரகணத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று பலூனில் ஏறித் தப்பி அல்ஜீரியா போனவரும் அவர்தான், போன இடத்தில் மேகம். லெ ஜென்டிக்கும் மேகம், ஜான்செனுக்கும் மேகம். இத்தனை மாதம் மூன்று அட்டையையும் கலைத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவளுக்கு இரண்டாவது புள்ளியையும் எழுதிக் கொடுத்தேன். ‘‘நேற்றே சொன்னேனே’’ என்றாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஆட்டம் முடிந்த பிறகு புள்ளியைத் திருத்தலாம் என்று ஒரு விதி இருக்கிறது, மற்ற விதிகளைவிட அதிகம் பயன்படுவதும் அதுதான்.

இப்போது பெட்டியில் 118 அட்டையும் பத்து வெற்று அட்டையும் இருக்கின்றன. ஐந்தாறு வாரத்தில் எல்லோருக்கும் பாதைகள் மனப்பாடமாகிவிடுகின்றன, அதனால் ஒவ்வொரு தடவையும் இரண்டு வெற்று அட்டையில் யாராவது புதிதாக எழுத வேண்டும், ‘ஏன்’ வரியோடு. சென்ற மாதம் அண்ணன் எழுதியது வோம்பாட்: ஆஸ்திரேலிய விலங்கு, கனசதுர வடிவில் சாணி போடும், ஏனென்றால் அதன் குடல் சுவர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நெகிழாது. ‘ஏன்’ வரி இருக்கிறது, கொக்கியும் இருக்கிறது, ஆனாலும் இதுவரை அதற்குக் கிடைத்தது பகடையோடு ஒரு ‘அதுவும் கனசதுரம்’ மட்டும். அட்டை என் மேசை மேல் விளக்குக்குக் கீழேயே கிடக்கிறது. நேற்று ரப்பர் அட்டையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அண்ணி அந்தப் பக்கமாகப் போனவர் நின்றுகூடப் பார்க்காமல் ‘‘அவிழ்’’ என்றார்.